ஷிப்ட் என்றால் எந்த ஷிப்ட்?

குருபரப்பள்ளியில் ‘ஷிப்ட்’ என்றால் யாருக்கும் விசைப்பலகை நினைவுக்கு வராது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கி ஆளை ஏற்றும் ஊர் இது. டீக்கடை அடுப்பு ஷிப்ட் பார்த்து எரிகிறது. பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் ஒரே பாயில் படுக்கும் வாடகை அறைகளும் உண்டு.

இந்தப் பக்கத்து மாடி அறை ஒன்றில் நடந்த அடிப்படைக் கணினி வகுப்பில் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ‘ஷிப்ட் கீ: பெரிய எழுத்து அடிக்கப் பயன்படும்’ என்று ஆசிரியர் சொல்ல, எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். முன்வரிசைப் பெண் எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: “சார், ரெண்டாம் நம்பர் மேல ஒரு சுழி போட்டிருக்கே, அது எப்படி வரும்?” மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தக் குறியைத்தான் கேட்டாள். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும் என்றார் ஆசிரியர். அவளோ நோட்டைப் பார்த்தாள். அதில் பெரிய எழுத்து என்றுதான் இருந்தது. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று கிடையவும் கிடையாது.

இதை நோட்டு முறை என்று வைத்துக்கொள்வோம். கை விசையைத் தொடுமுன் பெயர் நோட்டில் ஏறிவிடும். சி.பி.யூ. என்பது கணினியின் மூளை, விசைப்பலகை உள்ளீட்டுச் சாதனம், மானிட்டர் வெளியீட்டுச் சாதனம் என்று பக்கம் பக்கமாக ஓடும். கேலி செய்வது எளிது. ஆனால் இந்த முறை இத்தனை காலம் நிற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. விசையின் மேல் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். நேர்முகத்தில் கேட்பதும் ஐ.டி.ஐ.யின் ஓராண்டு ‘கோபா’ கணினிப் பிரிவில் படிப்பதும் பெரும்பாலும் அந்தப் பெயர்கள்தான். அதைவிட முக்கியம், வகுப்பில் இருப்பவர்கள் யார் என்பது. இந்த எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் கலந்திருப்பார்கள். ‘எண்டர்’ என்றால் எல்லாருடைய விரலும் ஒரே இடத்துக்குப் போகும். அந்த அறையில் வேறெந்தச் சொல்லுக்கும் இந்த வலு இல்லை.

கோளாறு ஆங்கிலச் சொல்லில் இல்லை. மாணவர் அந்தச் சொல்லைக் கேட்பது இதுதான் முதல் முறை என்று நோட்டு முறை நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. பிட்டர் படித்த பையனுக்கு ‘பைல்’ என்றால் அரம். முதல் வருடம் முழுக்க இரும்பை அதால் ராவியவன். ‘டேப்’ என்றால் மின்வயரில் சுற்றுவது. ‘எஸ்கேப்’ ஆவது என்றால் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் நழுவுவது. ‘டிரைவர்’ பஸ் ஓட்டுகிறவர். வார்த்தை ஏற்கெனவே காதில் குடியிருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டு அங்கே இன்னொரு பொருளைக் குடிவைக்கப் பார்க்கிறோம், பழைய குடித்தனக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

பேசினால் காரியம் சுலபம். ஷிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மெஷின், பகலில் ஓர் ஆள், இரவில் ஓர் ஆள். ஒரே விசை, சும்மா அடித்தால் கீழே இருப்பது, ஷிப்டில் அடித்தால் மேலே இருப்பது. குருபரப்பள்ளிப் பெண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பைலுக்கும் அப்படியே: அரத்தை மறந்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் பைலை நினைத்துக்கொள் என்றால் போதும், போல்டரும் கூடவே புரிந்துவிடும்.

இந்தப் பெயர்கள் ஆங்கிலக்காரருக்கே இன்று காரணம் தெரியாத பெயர்கள் என்பதை நோட்டு ஒருபோதும் சொல்வதில்லை. பலவும் தட்டச்சுப்பொறி விட்டுச்சென்ற எச்சம். கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்ற கருவி, 1874இல் ரெமிங்டன் கம்பெனி வழியாகக் கடைக்கு வந்தபோது அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1878இன் ரெமிங்டன் இரண்டாம் மாடலில்தான் ஒரே அச்சுத் தண்டில் இரண்டு எழுத்துகளைப் பொருத்தி, விசையை அமுக்கினால் உருளை இடம் பெயரும்படி செய்தார்கள். இடம் பெயர்வதால் ஷிப்ட். பேக்ஸ்பேஸ் அந்தக் காலத்தில் எதையும் அழிக்கவில்லை. வண்டியை ஓரிடம் பின்னால் தள்ளியது, அவ்வளவுதான். இன்று அது அழிக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் அதன் நடத்தை இன்னும் விசித்திரம். ‘கொ’ என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸைத் தட்டினால், பெரும்பாலான மென்பொருள்களில் கொம்பும் காலும் சேர்ந்து போய் ‘க’ மிஞ்சும். எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் அடித்தால் முழு எழுத்தும் போய்விடும். யூனிகோடில் உயிர்க்குறிக்குத் தனி எண் இருப்பதால் வருவது இது. தமிழ் அடிக்கிறவர் நாளைக்குப் பத்துத் தடவை சந்திக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லும் நோட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ‘பேக்ஸ்பேஸ்: பின்னால் அழிக்கும். டெலீட்: முன்னால் அழிக்கும்’ என்பதோடு சரி.

அப்படியானால் தமிழ்க் கலைச்சொல் போதுமா? இங்கே எனக்கு ஒரே தராசுதான்: அந்தச் சொல் ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்ததா, வேலையைப் பார்த்து வைத்ததா? ‘விசைப்பலகை’ நல்ல சொல், காரணம் அதில் சாவி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் ‘கீலிமணெ’ என்கிறார்கள்; கீலி என்றால் சாவி, மணெ நம் மணைதான். ஆங்கிலத்தை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். நாமோ அமுக்கினால் இயங்குவது எது என்று பார்த்து விசை என்றோம். ‘டெட் கீ’ என்பதைச் செத்த விசை ஆக்காமல் ‘நகரா விசை’ என்றதும் அப்படித்தான்; அமுக்கினால் அச்சு விழும், வண்டி நகராது. இலங்கையில் பிறந்த முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது புள்ளியையும் கொக்கியையும் எழுத்தின் தலையில் உட்கார வைக்க வேண்டிய சிக்கலுக்கு இவ்வகை விசைகளே வழி. பதிவிறக்கம், சுட்டி ஆகியவையும் இந்த ரகம். அதனால்தான் அவை அகராதியை விட்டு வெளியே வந்து, வங்கிச் செயலியிலும் பத்திரிகையிலும் இயல்பாகப் புழங்குகின்றன.

மறுபக்கமும் இருக்கிறது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் மாறி, அணி, மடக்கு, செயற்கூறு என்று படிக்கும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அடுத்து ‘இனக்குழு’ வரும். ஆங்கிலத்தில் கிளாஸ் எனப்படுவதற்கான சொல்லாம்! மலைக்கிராமங்களைப் பார்த்து வளர்ந்த இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ‘சேமி’யும் ஒரு மாதிரிதான். சேமிப்பு என்றால் சீட்டுப் பணம், அஞ்சலகம், சேமிப்புக் கணக்கு. ஆனால் ஏ.டி.எம். திரையில் பழகிவிட்ட வார்த்தை என்பதால் கோப்புக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும்.

பெயரே சொல்லித்தராத பள்ளி ஒன்றும் நம்மிடம் உண்டு: தட்டச்சுப் பயிலகம். அங்கே முதல் நாள் விளக்கம் எதுவும் கிடையாது. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’. தமிழ் மெஷின் என்றால் ‘யளனக’ என்று தொடங்கும். ஒரு பக்கம் முழுக்க இதேதான். எஃப் விசையிலும் ஜே விசையிலும் ஏன் விரலை வைக்க வேண்டும் என்று யாரும் நோட்டில் எழுதச் சொல்வதில்லை. கண்ணை மூடினாலும் சுட்டுவிரல் அங்கே போய் நிற்கிறது. ஆங்கில ஜூனியர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. ஐந்து தட்டு ஒரு சொல் என்ற கணக்கு. பெயர் ஒன்றும் தெரியாமலே நிமிடத்தில் இருநூறு தட்டுக்கு மேல் போகிற விரல்களை அந்தப் பயிலகங்கள் உருவாக்கியிருக்கின்றன. குறை என்னவென்றால், விரல் கற்றது அந்த ஒரு மெஷினை மட்டும். மெஷினில் நகரா விசையான புள்ளியை எழுத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும், பின்னால் அடித்தால் வண்டி போய்விட்டிருக்கும். யூனிகோடில் புள்ளி எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. ஏன் மாறியது என்று கேட்டால் மெஷினோடு வளர்ந்த விரலுக்குப் பதில் தெரியாது.

தமிழ்99 நோட்டு முறைக்கும் பயிலகத்துக்கும் நடுவில் வந்த அருமையான வாய்ப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசின் ஏற்பையும் பெற்ற விசை அமைப்பு. உயிரெழுத்து இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஊர்ப்பெயரையே அடித்துப் பாருங்கள்: க உ ர உ ப ர ப ப ள ள இ. பதினொரு தட்டில் ‘குருபரப்பள்ளி’ வந்துவிடுகிறது. ஆங்கில ஒலிபெயர்ப்பில் பதினான்கு தட்டு, அதிலும் ளகரத்துக்கு இரண்டு தடவை ஷிப்ட். தமிழ்99இல் எழுத்தை அடிக்கத் தெரிந்தால் உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பு இலக்கணம் விரலில் இருக்கிறது. குறையும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பதினொன்றில் எட்டு வலக்கை. கடையில் வாங்கும் விசைப்பலகையில் தமிழ் எழுத்தும் இருக்காது, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் போனில் ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கப் பழகிவிட்டார்கள். என் வீட்டிலும் அதே கதை. ஆனாலும் தமிழ் எழுத ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டும் என்பதை முன்னேற்றமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் கணினி கற்கிறவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது மேசைமுன் அல்ல, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் முன். அதன் ஃபானுக் கட்டுப்பாட்டுப் பேனலில் விசைகள் பெரும்பாலும் தட்டச்சு வரிசையில் இருக்காது. ஷிப்ட் இருக்கிறது, ஆனால் பெரிய எழுத்துக்கு அல்ல. ஒரே விசையில் உள்ள இரண்டாம் எழுத்தை எடுக்க. புரொகிராமில் சொல் சேர்க்க ‘இன்சர்ட்’, ஆஃப்செட் அளவை ஏற்ற ‘இன்புட்’. இரண்டையும் மாற்றி அமுக்கிவிட்டு முழிக்காத புது ஆப்பரேட்டர் அபூர்வம். நோட்டில் இன்புட் என்றால் கீபோர்டு, மவுஸ், ஸ்கேனர் அல்லவா? செமிகோலன் என்ற அரைப்புள்ளிதான் கொள்ளை வேடிக்கை. பயிலகத்தில் அது வலக்கைச் சுண்டுவிரலின் வீடு, பாமினி எழுத்துருவில் மெய்யின் தலைப்புள்ளி, பதினோராம் வகுப்பு சி++ பாடத்தில் கூற்றின் முடிவு. ஃபானுக்கில் வரியை முடிக்க ‘ஈ.ஓ.பி.’ விசையைத் தட்டினால் திரையில் விழுவதும் அதே அரைப்புள்ளி.

தெரிந்த தம்பி ஒருவன் அந்த வேலையில் இருக்கிறான். கணினி வகுப்பு நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான், வீட்டுப் பரணில். வேலையில் அவன் பார்ப்பது பேனல் ஓரத்தில் முந்தின ஷிப்ட்காரர் டேப் போட்டு ஒட்டிவைத்த எண்ணெய்க்கறை படிந்த அட்டைத்துண்டு. அதில் பால்பாயிண்ட் பேனாவில் மூன்று வரி: ‘ஈ.ஓ.பி. – வரி முடிவு. இன்சர்ட் – புரொகிராம். இன்புட் – அளவு, ரெண்டு தடவ பாத்துட்டு அமுக்கு.’