பேய்ப் புத்தகம் வாங்குவது எப்படி?

பேய்ப்படம் வந்தால் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறோம். பேயைப் பற்றி ஒரு நல்ல அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும், "நமக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பயந்து விலகுகிறவர்களை மன்னித்துவிடலாம். "பேய்தான் இல்லையே, அப்புறம் அதுக்கு என்ன புத்தகம்?" என்று கேட்கும் விவரமானவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பேய் இல்லாமலே போகட்டும். பேயைப் பார்த்தவர் இருக்கிறாரே, அவருக்கு என்னதான் நடந்தது?

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1848இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் 'தட்டல் சத்தம்' மூலம் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை எழுப்பினோம் என்று அவர்களில் ஒருவரே மேடையேறி ஒப்புக்கொண்டார். இடையில் ஐரோப்பா முழுக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவி அழைக்கும் மோகம் பரவியது. 1853இல் மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்தார். கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, கை தள்ளுகிறதா மேசை இழுக்கிறதா என்று காட்டும் ஒரு முள்ளையும் பொருத்தினார். உட்கார்ந்தவர்கள் கண்ணில் அந்த முள் பட்ட மாத்திரத்தில் மேசை நகர்வது நின்றுவிட்டது. அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. தாங்கள்தான் தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. 1882இல் லண்டனில் ஆவி ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், புத்தகத்தைப் பிரிக்கலாம்.

முதல் புத்தகம் மேரி ரோச் 2005இல் எழுதிய 'ஸ்பூக்'. ஆங்கிலம் எளிது, பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. மறுபிறவி ஆராய்ச்சியாளர் ஒருவரோடு வட இந்தியக் கிராமங்களில் அலைவதில் தொடங்குகிறது. உயிரின் எடை 21 கிராம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதன் பூர்வீகமும் இதில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மருத்துவர் டங்கன் மக்டூகல், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைக் கட்டிலோடு தராசில் ஏற்றி நிறுத்தார். முடிவை 1907இல் வெளியிட்டார். மொத்தம் ஆறு நோயாளிகள். இரண்டு பேருடைய கணக்கை அவரே தள்ளிவிட்டார். மிச்சமிருந்த நால்வரின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் ஆளுக்குக் கிடைத்த எண்தான் 21 கிராம். அந்த ஒற்றை எண் இன்றுவரை சாகாமல் சுற்றுகிறது. ஆவி என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது இதுதான்.

இனி என் அளவுகோல். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். எல்லோரும் பேய்ப் புத்தகங்களை நம்புகிறவை, மறுப்பவை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். உதவாத பிரிவினை அது. விளக்கம் சொல்லிவிட்டுப் போகிற புத்தகம், சொன்ன விளக்கத்தைச் சோதித்துக் காட்டுகிற புத்தகம் என்று பிரித்துப் பாருங்கள். மறுப்பவர்களிலேயே பாதிப் பேர் முதல் வகையில் போய் விழுவார்கள்.

உதாரணத்துக்கு 19 ஹெர்ட்ஸ். பகுத்தறிவு மேடைகளில் அடிக்கடி காதில் விழும் எண் இது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர், தான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு ராத்திரி ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டார். மறுநாள், கத்திச்சண்டைப் போட்டிக்கான தன் மெல்லிய வாளை வைஸில் மாட்டியிருந்தபோது அது தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்தால், புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ். அந்த ஒலி கண்விழியை அதிரவைத்து உருவம் காட்டியிருக்கலாம் என்று 1998இல் கட்டுரை எழுதினார். அருமையான ஊகம். ஆனால் நன்றாகக் கவனியுங்கள், சோதனைக்கு உட்பட்டது வாள் மட்டும்தான். உருவம் ஊகத்தோடு நின்றுவிட்டது.

லண்டன் உளவியலாளர் கிறிஸ் பிரெஞ்சும் கூட்டாளிகளும் அந்த ஊகத்தைச் சோதிக்க ஒரு வெள்ளை அறையையே கட்டினார்கள். ஆளுக்கு 50 நிமிடமாக, 79 பேரைத் தனித்தனியே உள்ளே விட்டார்கள். சிலருக்குத் தாழ்ந்த ஒலி, சிலருக்கு மின்காந்தப் புலம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமே இல்லை. விநோதமாக ஏதாவது தோன்றலாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். பலருக்கும் என்னென்னவோ தோன்றியது. யாரோ நிற்பதுபோல் இருந்தது என்றார்கள். ஆனால் ஒலி ஓடியதா, புலம் இருந்ததா என்பதற்கும் தோன்றியதற்கும் சம்பந்தமே இல்லை! தோன்றலாம் என்று சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கிறது. 2009இல் வெளிவந்த முடிவு இது. இதற்குப் பிறகும் 19 ஹெர்ட்ஸை வேதவாக்காக ஒப்பிக்கிறவருக்கும் 21 கிராமை ஒப்பிக்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாறாக, 1921இல் ஒரு அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்த கதையைப் பாருங்கள். காலடிச் சத்தம், நிழலுருவங்கள், தலைவலி என்று அல்லாடிய குடும்பம் அது. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்திருக்கிறது. உலையைச் சரிசெய்தார்கள், பேய்களும் காலிசெய்தன. ஒரே ஒரு வீடுதான், பெரிய ஆய்வில்லை. ஆனாலும் இங்கே காரணத்தை நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். இந்த நுணுக்கம் பிடிபட்டுவிட்டால் எந்தப் புத்தகமும் உங்களை ஏமாற்ற முடியாது.

அடுத்து டெபோரா ப்ளம் 2006இல் எழுதிய 'கோஸ்ட் ஹண்டர்ஸ்'. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் காலத்து ஆவி ஆராய்ச்சியாளர்களின் கதை. இதில் நமக்கு நெருக்கமான ஆள் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். 1884 இறுதியில் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரின் அற்புதக் கடிதங்களைத் துருவித் துருவி விசாரித்து, எல்லாம் மோசடி என்று அறிக்கை கொடுத்தவர். அந்த அறிக்கை நியாயமானதா என்ற வழக்கு நூறு ஆண்டு கழித்தும் ஓயவில்லை. அது தனிக் கதை. அவ்வளவு கறாரான மனிதர், பின்னாளில் பாஸ்டனில் லியனோரா பைப்பர் என்ற ஆவி ஊடகரிடம் மனம் மாறி மறுவுலகை நம்பத் தொடங்கினார். 1905இல் அவர் இறந்ததும், அதே பைப்பர் வழியாக 'ஹாட்ஜ்சனின் ஆவி' பேச ஆரம்பித்தது. அதைக் கேட்டு அறிக்கை எழுதும் வேலை நண்பர் ஜேம்ஸ் தலையில் விழுந்தது. எந்தத் திரைக்கதையாசிரியர் இப்படி எழுதுவார்?

சாவுக்குப் பிந்தைய வாழ்வு பற்றிய அலமாரியில் குப்பை அதிகம். அட்டையில் 'குவாண்டம்' என்று கண்டால் கீழே வைத்துவிடுங்கள். 2012இல் வந்து சக்கைப்போடு போட்ட 'ப்ரூஃப் ஆஃப் ஹெவன்' ஒரு மூளை அறுவை மருத்துவரின் கோமா அனுபவம். டாக்டர் எழுதினார் என்பதால் கனவு ஆதாரமாகிவிடுமா? மருத்துவர் சாம் பார்னியாவை வேண்டுமானால் படியுங்கள். இதயம் நின்றவர்கள் மேலிருந்து தங்கள் உடலையே பார்த்ததாகச் சொல்கிறார்கள் அல்லவா, அதைச் சோதிக்க அவர் குழு மருத்துவமனை அறைகளில் கூரையை ஒட்டிப் பலகை அடித்து, மேலிருந்து மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தது. இதயம் நின்றுபோன 2,060 நிகழ்வுகளைப் பதிவுசெய்தார்கள். பிழைத்துப் பேசியவர்களில் நடந்ததைக் கண்டும் கேட்டும் நினைவு வைத்திருந்ததாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் பலகை இல்லாத இடத்தில் சரிந்தவர்கள்! விடை கிடைக்கவில்லைதான். ஆனால் பலகை அடிக்கத் தோன்றியதே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இயன் ஸ்டீவன்சனின் 1966 நூலை விடாமல் வைத்திருக்கிறேன். இந்தியா, இலங்கை, பிரேசில் என்று இருபது குழந்தைகளின் கதை. குழந்தை சொன்னது என்ன, சாட்சி யார் என்று அட்டவணை போடுகிற அந்தக் குமாஸ்தாத்தனம் ஒருவித அழகு. அமுக்குவான் பேய் அனுபவப்பட்டவர்கள் டேவிட் ஹஃபோர்டின் 1982 நூலைத் தேடிப் பிடியுங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அதே பேய் கிழவியாக வந்து நெஞ்சில் உட்காருகிறது. துக்க வீட்டுக்காரர்களுக்கு ஆலிவர் சாக்ஸின் 'ஹாலுசினேஷன்ஸ்'. 1971இல் ஒரு வேல்ஸ் மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. இதைப் படித்துவிட்டு, தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லும் பாட்டியிடம் "பிரமை" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எழாது.

யூடியூபில் மின்காந்தப் புலம் அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த பங்களாவுக்குள் நுழைகிறவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று: அந்த மீட்டரை முதலில் வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரோச். இரண்டு வாங்க முடிந்தால், வெள்ளை அறை கட்டிய அதே கிறிஸ் பிரெஞ்ச் 2024இல் எழுதிய 'தி சயின்ஸ் ஆஃப் வியர்ட் ஷிட்'. உள்ளே பொறுமையான, கண்ணியமான எழுத்து. தலைப்பில்தான் கெட்ட வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுங்கள்.