காற்றில் நிற்கும் எலும்பு

கண்களுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒளிந்திருக்கிறது ஸ்பீனாய்டு எலும்பு. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் சாயல். நடுவில் சேணம் போன்ற ஒரு குழி. பிட்யூட்டரி சுரப்பியின் இருக்கை அதுதான். என்ன அழகான எலும்பு! ஆனால் எத்தனை கோணத்தில் வரைந்து காட்டினாலும், தாளில் பார்த்து மனத்தில் முழுசாகக் கூட்டிக்கொள்வது கடினம்.

இந்தத் தவிப்பு பழையது. 1543-இல் உடற்கூற்றியல் அறிஞர் வெசாலியஸ் தம் 'எபிடோம்' நூலில், உறுப்புகளின் படங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளத் தனித் தாள்களே தந்தார்.

நம் காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் ஹோலோலென்ஸ் கண்ணாடி அணிந்தால், முப்பரிமாண உடல் காற்றில் நிற்கிறது. சுற்றி வரலாம், குனிந்து அடியிலிருந்து பார்க்கலாம். தொட முடியாது; தமனிச் சுவரின் தடிப்பை விரலுக்குச் சொல்ல, தானமாக வந்த உடல்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. அந்தக் கண்ணாடி உலகை மறைப்பதில்லை. தோழி சுட்டிக்காட்டும் நரம்பும் தெரிகிறது. அதற்கப்பால், புரிந்துகொண்ட கணத்தில் மலரும் அவள் முகமும் தெரிகிறது.