மாற்று உறுப்போடு வாழ்ந்து மறைந்தவர்களை யார் நினைப்பது?

மூளைச்சாவு அடைந்து உறுப்புகளைத் தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த சில நாள்களிலேயே தேனி மாவட்டத்தில் ஒருவருக்கு அந்த மரியாதை செலுத்தப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் இது நடக்கலாம். கூலி வேலைக்குப் போய் விபத்தில் சிக்கிய ஒருவரின் வீட்டு வாசலில் அதிகாரிகள் வந்து மாலை வைத்து வணங்கி நிற்கிறார்கள்.

இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மூச்சும் துடிப்பும் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கையெழுத்துப் போட்ட தாய்க்கு, தகப்பனுக்கு, மனைவிக்கு அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கும்: அவசரப்பட்டுவிட்டோமோ? ‘உடம்பை அறுக்கக் கொடுத்துட்டாங்களே’ என்று உறவினர் யாரோ சொன்ன சொல்லும் கூடவே இருக்கும். ஊர் முழுக்கக் கூடி நிற்கையில் அரசே வந்து வணங்கும்போது அந்தச் சொல்லின் பலம் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 2023-இல் 178 பேர். 2024-இல் 268 பேர். இந்த ஏற்றத்துக்கு அரசு மரியாதை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தர மருத்துவர்களான அவன் பெற்றோர் எடுத்த முடிவும், அந்த ஆண்டு முதல் வளர்ந்த அரசின் உறுப்பு மாற்றுத் திட்டமும், மருத்துவமனைகளில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் ஒருங்கிணைப்பாளர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஆனாலும் மரியாதைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாம் நினைவுகூரும் மரணம் ஒரே ஒரு வகையைச் சேர்ந்தது. உறுப்பைப் பெற்று, சில ஆண்டுகளோ பல ஆண்டுகளோ வாழ்ந்து, பிறகு இறந்தவரை யாரும் நினைவுகூர்வதில்லை. அரசை விடுங்கள், அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த சக நோயாளிகளே அவர் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் உதவிக் குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்று அறிந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும். மாதாந்திர ரிவியூவுக்கு வரும் இடத்தில்தான் பெரும்பாலும் பழக்கம் தொடங்குகிறது. ‘சௌக்கியமா?’ என்பதற்குப் பதில் ‘கிரியாட்டினின் எவ்வளவு?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அளவு அது. எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறாமல் எடுப்பது, கல்யாண வீட்டில் எதைச் சாப்பிடலாம், எந்த லேபில் ரத்தத்தில் மருந்தின் அளவை நம்பிப் பார்க்கலாம், எந்தக் கடையில் மாத்திரை விலை குறைவு என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். அறுவைச் சிகிச்சை நடந்த நாளை இரண்டாம் பிறந்தநாளாகக் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். ஒருவர் இறந்துவிட்டால் மட்டும் அந்த இடம் சட்டென்று மௌனமாகிவிடும்.

இந்த மௌனத்துக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சைக்குப் போக இருப்பவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ‘எத்தனை வருஷம் தாங்கும்?’ என்ற கேள்வியோடுதான் அவர் வந்திருக்கிறார். அவர் முன்னால் சாவைப் பேசுவது இரக்கமற்றது என்று மூத்தவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஒருவரின் மரணத்தைக் கேட்டு எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று முடிவுகட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நோயின் விவரம் குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதும் உண்மை.

இன்னொரு காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ‘மருந்தை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டார்’, ‘வெளியில கண்டதைச் சாப்பிட்டிருப்பார்’ என்று இறந்தவர் மீதே பழியைப் போட்டுவிடுவது. அவர் தவறு செய்ததால் இறந்தார், நான் தவறு செய்யவில்லை, ஆகவே எனக்கு ஒன்றும் ஆகாது என்ற தற்காப்பு அதில் இருக்கிறது. அச்சத்தில் பிறக்கும் இந்த எண்ணத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இது அநியாயம். உடல் புதிய உறுப்பைத் தள்ளாமலிருக்க நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். அடக்கினால் காசநோயும் பூஞ்சைத் தொற்றும் வைரஸும் எளிதில் நுழையும். அடக்காவிட்டால் உடல் உறுப்பைத் தள்ளிவிடும். ஒரு நாள்கூட மாத்திரை தவறாதவரும் இந்த இரண்டுக்கும் நடுவே தோற்றுப்போகக்கூடும். பணம் தீர்ந்து மருந்தைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

உறுப்பு மாற்றின் வரலாறே இப்படி வாழ்ந்து முடித்தவர்களால் ஆனது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ரிச்சர்ட் ஹெரிக்குக்கு அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுதான். ரிச்சர்ட் அந்த மருத்துவமனையின் செவிலியர் ஒருவரை மணந்து, இரண்டு பெண்களுக்குத் தகப்பனாகி, 1963-இல் இறந்தார். 1967 டிசம்பரில் கேப் டவுனில் உலகின் முதல் இதய மாற்றைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள்களே வாழ்ந்தார். அவர் உயிரைப் பறித்தது நிமோனியா. இவர்களை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த எட்டு ஆண்டுகள் தோல்வி ஆகாது. பாஸ்டனுக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் நம் ஊரில் ரிவியூ வரிசையில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் பொருந்த வேண்டும்.

தானம் தந்த குடும்பத்துக்கு நாம் சொல்லும் ஆறுதலிலும் ஒரு பிழை கலந்திருக்கிறது. ‘உங்கள் மகன் சாகவில்லை, ஐந்து பேரில் வாழ்கிறான்’ என்கிறோம். அந்த ஐவரில் ஒருவர் மூன்றாம் ஆண்டில் இறந்துபோனால்? செய்தி தெரிந்தால் அந்தத் தாய் இரண்டாம் முறை பிள்ளையைப் பறிகொடுப்பாள். யார் உறுப்பு யாருக்குப் போனது என்பதைப் பொதுவாக இரகசியமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு வலுவான நியாயம். ‘உங்கள் மகனால் இன்னொருவருக்கு வாழ்நாள் நீண்டது’ என்பதே போதும். அந்தச் சொல் என்றும் பொய்யாகாது.

இனி, உயிரோடிருக்கும்போதே உறுப்பைத் தந்தவர்கள். இந்தியாவில் நடக்கும் உறுப்பு மாற்றுகளில் மிகப் பெரும்பான்மை இவர்களால் நடப்பவை. அண்மைக் கணக்குகளின்படி இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள்; பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் தாயும் அக்காவும் கொடுக்கிறார்கள். அரசு மரியாதைத் திட்டம் இவர்களைத் தொடவில்லை, அது இறந்தவர்களுக்கானது. ஆனால் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். பத்தாண்டு கழித்துக் கணவர் இறந்தால், இரங்கல் கூட்டத்தில் அவள் விதவையாக மட்டுமே உட்காருகிறாள். அந்தப் பத்தாண்டைக் கொடுத்தவள் அவள் என்பதை யாரும் எழுந்து சொல்வதில்லை. அவள் மருத்துவமனைக்கு வந்துபோகக் கணவருடைய ரிவியூ ஒரு காரணமாக இருந்தது. இனி ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கும் அவளுடைய ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்பதையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லி யார் நினைவூட்டுவார்கள்? இறந்தவரை நினைவுகூர்வது இருப்பவரைக் கவனிப்பதாகவும் மாற வேண்டிய இடம் இதுதான். ஒன்றிய அரசின் உறுப்பு, திசு மாற்று அமைப்பான நோட்டோ 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. காத்திருக்கும் பெண்களுக்கும், மரணத்துக்குப் பின் உறுப்பு தந்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது அது. நன்றி மாலையோடு முடியாமல் விதியாகும் இந்தத் திசை சரியானது.

உறுப்புக்குக் காத்திருந்தே இறந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. வறுமையால் சிறுநீரகத்தை விற்றவர்கள் அதிகம் இருந்ததால் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயர் சுமந்த சென்னை வில்லிவாக்கத்தின் மனிதர்களை நினைவுகூர நமக்குத் துணிவும் இல்லை. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு இத்தகைய வியாபாரமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் பாசடீனா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ரோஜா அணிவகுப்பில் 2004 முதல் உறுப்பு தானத்துக்கென ஓர் ஊர்தி வருகிறது. இறந்த கொடையாளர்களின் முகங்களைப் பூவாலும் விதையாலும் வரைந்து அதில் வைக்கிறார்கள். உறுப்பைப் பெற்றவர்கள் ஊர்தியில் அமர்ந்திருக்க, உயிரோடு தந்தவர்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். அந்த ஆடம்பரம் நமக்கு வேண்டாம். தந்தவரும் பெற்றவரும் ஒரே நினைவுக்குள் வரலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 3 இந்திய உறுப்பு தான நாள். 1994-இல் அதே நாளில் டெல்லி எய்ம்ஸில் இறந்தவரின் இதயம் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இந்தியாவில் முதன்முதலில் வெற்றி கண்டது. உதவிக் குழுக்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆகஸ்ட் 3 அன்று, இரண்டாம் பிறந்தநாள் கொண்டாடுபவர்களைப் பாராட்டிய பிறகு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, மறைந்த உறுப்பினர்களின் பெயரையும் மாற்று உறுப்போடு அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளையும் வாசியுங்கள். எதனால் இறந்தார்கள் என்பதைக் குடும்பம் விரும்பினால் மட்டும், மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்கட்டும். உறுப்பு கொடுத்தவர் அந்த அவையில் இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கே அவருக்கு ரத்த அழுத்தத்தையும் பார்த்து அனுப்புங்கள்.