தேனுக்குள் தூங்கும் நொதி

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்ம் சந்தைக்கு வந்தால் காய்கறி, ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவே தேன் புட்டிகளும் நிற்கும். தேனீப் பண்ணைகளும் பக்கத்தில்தான்.

இனிப்பைவிட வியக்க வைப்பது தேனிலுள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ். தேனீயின் தலைச் சுரப்பியில் ஊறும் இந்த நொதி, கெட்டித் தேனில் ஏறக்குறையத் தூங்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் விழித்து, குளுக்கோஸைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும். தேனின் கிருமித்தடுப்புச் சக்திக்கு 1937இல் ‘இன்ஹிபின்’ என்று பெயர் வைத்தார்கள். அது இந்தப் பெராக்சைடுதான் என்று அமெரிக்காவின் ஒயிட் குழு 1963இல் காட்டியது. என்ன அருமையான ஏற்பாடு!

ஆனால் நொதி எதிர்கொள்ள வேண்டிய பாக்டீரியாக்கள் தனியாக அலைவதைவிடக் கூட்டமாக ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போர்த்திக்கொண்டு வாழவே விரும்புகின்றன. காலையில் பல்லில் வழுவழுக்கும் படலம் அதுதான். ஒரு நொதி இந்தப் படலத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க, ஆய்வகத்தில் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் நொதியோடு அதை வளர்த்து, கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றுவார்கள். படலம் தடித்திருந்தால் குழி அடர் ஊதா. நொதி வென்றிருந்தால் நிறம் வெளிறும்.

பசையையே வெட்டும் நொதிகளும் உண்டு. பசையிலுள்ள டிஎன்ஏவை அறுக்கும் டிஎன்ஏஸ் நொதி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் படலம் உருவாவதைத் தடுப்பதை 2002இல் கண்டார்கள். முற்றிய படலத்திடம் அது பெரிதாகப் பலிக்கவில்லை.

மீண்டும் தேனுக்கு வருவோம். அதே மலையின் சுங்கை பாலாஸ் தேநீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி அதில் தேன் கலந்தால் இனிப்பு நிற்கும்; சூட்டில் தேனின் நொதி செத்துவிடும். நொதியும் வேண்டுமென்றால் தேநீர் வெதுவெதுப்பாக ஆறும்வரை பொறுக்க வேண்டும்.