செபமாலை நேரமும் நமது விமர்சனமும்

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்ககாலத்தைப் பேசுமிடத்து இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'யை (1891) நாம் குறிப்பிடத் தவறுவதில்லை. ஐரோப்பிய வீரகதையொன்றின் தழுவலான அதிற் கத்தோலிக்கக் குடும்பமொன்றின் அடுப்படியைக் காணமுடியாது. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) வீட்டினுள்ளே வந்தது. ஆயின் அது யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடு. களனி கங்கையின் இருமருங்கிலும், கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் நமது விமர்சனத்தில் உரிய இடம் பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கான பொறுப்பில் ஒரு பங்கு முற்போக்கு விமர்சகராகிய நம்முடையது. சமயம் மேற்கட்டுமானத்தின் ஒரு கூறு என்று கூறியதும் ஆய்வு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதை நாம் வரவேற்றோம். கல்வி சமயநிறுவனங்களின் ஏகபோகமாயிருத்தல் தகாது என்ற அக்கருத்து இன்றும் சரியானதே. ஆனால் அவ்வேளை பாடசாலைகளுக்குள் இரவுபகலாக அமர்ந்திருந்த பெற்றோரை, சிறப்பாகத் தாய்மாரை, குருமாரின் தூண்டுதலுக்கு ஆட்பட்டோர் என ஒதுக்கிவிட்டோம். ஒரு தாய்க்குப் பங்குப் பாடசாலை என்பது யாது? ஞானஸ்நானம், முதல் நற்கருணை, பிள்ளையின் எழுத்தறிவு ஆகியன ஒரே வளவுக்குள் நடைபெற்ற இடம் அது. பெரிய கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடும் உரிமையை இழந்தேனும், திருச்சபையின் கையிலேயே நின்றன. சிறிய பங்குப் பாடசாலைகளே பெரும்பாலும் கைமாறின. இங்கே வர்க்கம் தெளிவாகவே தொழிற்பட்டிருக்கிறது. வர்க்கத்தைப் பற்றியே பேசிய நாம் அதைக் காணாமற்போனது வியப்பே.

1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாயிருந்தன. ஞாயிற்றுப் பூசையை விடியலில் முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடவேண்டிய தொழிலாளியின் வீட்டில் அவ்வைந்து ஆண்டுகளும் எவ்வாறு கழிந்தன என்பதற்கு ஒரு நாவலே எழுதலாம்.

இதனினும் நுட்பமானது மொழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது. இலத்தீனில் ஒருங்கே முழந்தாளிட்டவர்கள், தமிழ்ப் பூசை, சிங்களப் பூசை என வெவ்வேறு நேரங்களிற் கோவிலுக்குச் செல்லலாயினர். தாய்மொழி உரிமை என நாம் போற்றுகின்ற ஒன்று, கலப்புமணக் குடும்பமொன்றில் ஞாயிறுதோறும் எழும் வழக்காகவும் இருக்கக்கூடும். நீர்கொழும்பிலிருந்து வடக்கே நீளும் கரையோரத்திற் பாடசாலையும் கோவிலும் சிங்களமாக, தலைமுறைகள் தமிழை விட்டகன்றதை அறிவோம். வத்தளையிலும் பாட்டி தமிழிலே தொடங்கும் அருள்நிறை மந்திரத்தைப் பேரப்பிள்ளை சிங்களத்தில் முடிக்கும் வீடு கற்பனைக்கு அப்பாற்பட்டதன்று. அவ்வீட்டின் மாலைநேரச் செபமாலையை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர், அங்கே தமிழ் எஞ்சியிருக்கும் கடைசி இடத்தையும் சேர்த்தே தள்ளுகின்றனர்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிற் குண்டு வெடித்தபின் இம்மக்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. அவற்றில் அவர்கள் பெரும்பாலும் பலியானோராக மட்டுமே தோன்றினர். செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் அவர்களோடு அக்கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவந்த வழக்கம் ஏன், எவ்வாறு உருவாயிற்று என்று வினவியோர் சிலரே. கோவில் யூன் 12ஆந் திகதி மீளத் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.