உழைப்பின் முகமும் போரின் நோக்கமும்: விமானந்தாங்கிக் கப்பல் விவரணப்படமொன்றும் அதன் பார்வையாளரும்

கலைப்படைப்பொன்றின் சமூகப் பெறுமதியை அப்படைப்பை மாத்திரம் கொண்டு முற்றாக அளந்துவிட முடியாது. அது யாரால், எச்சூழலில், எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் உடன் ஆராயப்பட வேண்டும். இலக்கியத்தைப் பொறுத்தவரை இக்கருத்து எம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆயின், அச்சு நூலிலும் பன்மடங்கு பரந்த மக்கள் தொகுதியைச் சென்றடையும் தொலைக்காட்சி விவரணப்படத்தை நாம் அத்தகைய கவனத்துடன் நோக்குவது அரிது. ஒன்றில் ‘வெறும் பிரசாரம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அன்றேல் ‘உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது’ என்று ஏற்றுக்கொள்கிறோம். இவ்விரு மனோபாவங்களும் எத்துணைப் போதாமையுடையன என்பதை ‘கரியர்’ என்னும் அமெரிக்க விவரணத் தொடரும், அதற்குப் பார்வையாளரிடையே கிடைத்த வரவேற்பும் தெளிவாக உணர்த்துகின்றன.

மாரோ சேர்மயெவ் நெறிப்படுத்திய இத்தொடர் பத்துப் பகுதிகளைக் கொண்டது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பீ.பீ.எஸ். சேவையில் 2008 ஏப்ரல் 27 தொடக்கம் மே 1 வரை ஐந்து இரவுகள் ஒளிபரப்பாயிற்று. ‘நிமிற்ஸ்’ என்னும் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் 2005 ஆம் ஆண்டில் சன் டியேகோவிலிருந்து பாரசீக வளைகுடாவுக்குச் சென்று மீண்ட ஆறுமாதப் பயணமே அதன் பொருள். இரண்டு அணுவுலைகளும், நாலரை ஏக்கர் பரப்புள்ள பறப்புத் தளமும், ஏறத்தாழ ஐயாயிரம் மனிதரும் கொண்ட மிதக்கும் நகரம் அது. அக்கப்பலுக்கெனத் தனி வரலாறும் உண்டு. சைகோன் வீழ்ந்த மூன்றாம் நாள், 1975 மே 3 இல், அது சேவையில் இணைக்கப்பட்டது. 1980 ஏப்ரலில் ஈரானிலிருந்த பணயக் கைதிகளை மீட்கச் சென்று தோல்வியுற்ற ஹெலிகொப்டர்கள் அதன் தளத்திலிருந்தே புறப்பட்டன. தொடரின் இறுதிப் பகுதி ஒளிபரப்பான தினமும் தன்னளவிற் பொருள் பொதிந்ததே. அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளின் முன்னர், 2003 மே 1 இல், ‘ஏபிரகாம் லிங்கன்’ என்னும் மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் நின்று, பணி நிறைவேறிவிட்டது எனப் பறைசாற்றிய பதாகையின் கீழ், ஜனாதிபதி புஷ் ஈராக்கில் பிரதான போர் நடவடிக்கைகள் முடிவுற்றதாக அறிவித்தார். ஐந்தாண்டுகள் கழிந்தும் போர் முடியவில்லை. இப்பின்னணியிலேயே பார்வையாளர் தமது வீட்டுக் கூடங்களில் இத்தொடரின் முன் அமர்ந்தனர்.

அவர்களது எதிர்வினைகளை வசதி கருதி மூவகைப்படுத்தலாம். முதலாவது, கடற்படையிற் பணியாற்றியோரும் அவர்தம் குடும்பத்தாரும் காட்டிய எதிர்வினை. மூன்றடுக்குப் படுக்கைகளின் நெருக்கத்தையும், நீண்ட வேலை நேரத்தையும், வீட்டுச் செய்திக்கான ஏக்கத்தையும் கண்டு ‘இப்படித்தான் இருந்தது’ என்று அவர்கள் தம்மை இனங்கண்டனர். சிறு பிழைகளைத் திருத்தவும் முற்பட்டனர். இரண்டாவது, பொதுப் பார்வையாளர் பலரதும் பத்திரிகை விமர்சகர் பலரதும் பாராட்டு. அரசியலைத் தவிர்த்து மனிதரைக் காட்டியமையே தொடரின் சிறப்பு என்பது அதன் சாரம். மூன்றாவது, போர் எதிர்ப்பாளரின் கண்டனம். கடற்படையின் அனுமதியும் ஒத்துழைப்புமின்றி எடுத்திருக்க முடியாத இப்படம், ஆட்சேர்ப்பு விளம்பரத்தின் நீட்சியே என்பது அவர்கள் வாதம்.

பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டாய்வு மையத்திலிருந்து 1973 இல் வெளிவந்த ஸ்ருவேட் ஹோலின் கட்டுரை இத்தகைய வேறுபாடுகளை விளக்க மூன்று நிலைகளை வகுத்தது: ஆதிக்கக் கருத்தை ஏற்று நிற்றல், அதனோடு பேரம் பேசுதல், எதிர்த்து நிற்றல் என்பன அவை. பயனுள்ள வகுப்பேயாயினும், ஒவ்வொரு பார்வையாளரையும் ஒவ்வொரு பெட்டிக்குள் அடைத்துவிடும் அபாயம் அதனைப் பிரயோகிப்போரிடம் உண்டு. மகனைக் கப்பலுக்கு அனுப்பிய தாயொருத்தி படத்தைக் கண்டு பெருமிதமுறவும் அதே வேளையில் போரை வெறுக்கவும் கூடும். ஆகவே, யார் எந்நிலையில் நின்றனர் என்பதைக் காட்டிலும், எது அவர்களை ஈர்த்தது என்ற வினாவே அடிப்படையானது.

ஈர்த்தது உழைப்பு என்பதே என் கருத்து. இப்படத்திற் போர் மிகக் குறைவு. வேலை மிக அதிகம். பறப்புத் தளத்திலே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நிறச் சட்டை: விமானங்களை நெறிப்படுத்துவோர் மஞ்சள், எரிபொருள் நிரப்புவோர் ஊதா, குண்டுகளைக் கையாள்வோர் சிவப்பு, விமானத்தை ஏவும் பொறியையும் அதனைத் தடுத்து நிறுத்தும் கம்பிகளையும் பேணுவோர் பச்சை. வேலைப்பிரிவினை கண்ணுக்குப் புலனாகும் வண்ணமாகவே மாறிவிடுகிறது. தளத்தின் கீழே சமையல், சலவை, துரு சுரண்டல், வர்ணம் பூசல். மேலே பறப்போர் பட்டம் பெற்ற அதிகாரிகள். கீழே உழைப்போரிற் பலர் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வந்த இளைஞர். இரு சாராரும் உண்ணும் கூடங்களும் வெவ்வேறு. அமெரிக்காவிற் கட்டாயப் படைச்சேவை 1973 இல் முடிவுற்ற பின்னர், இவ்விளைஞரைக் கப்பலுக்கு அழைத்து வந்தவற்றுள் நாட்டுப்பற்றோடு வேலையின்மையும் கல்விச் செலவும் உடைந்த குடும்பங்களும் அடங்கும் என்பதைப் படம் மறைக்கவில்லை. கருவுற்ற காதலியைக் கரையில் விட்டு வருபவனும், கப்பலைத் தவிரத் தனக்கு வேறு வீடில்லை என்று கருதுபவனும் அதில் உளர். தொழிற்சாலையிலோ வைத்தியசாலையிலோ இரவு வேலை செய்து களைத்த ஒருவர் இத்தொடரிலே தம்மைக் கண்டாரெனின் அதனை மயக்கம் என்று எள்ளி நகையாடுவது தவறு. அது உண்மையான வர்க்க அனுபவமொன்றின் இனங்காணலேயாகும். ‘ஆட்சேர்ப்பு விளம்பரம்’ என்று கூறி ஒதுங்கிய முற்போக்காளர் காணத் தவறியது இதனையே.

எனின், குறைபாடு யாது? லூகாச் 1936 இல் எழுதிய கட்டுரையொன்றில் இரு குதிரைப் பந்தயக் காட்சிகளை ஒப்பிடுவார். சோலாவின் ‘நானா’வில் வரும் பந்தயம் நுணுக்கமான விவரிப்பு, தோல்ஸ்தோயின் ‘அன்னா கரீனினா’விலோ அது பாத்திரங்களின் தலைவிதியோடு பிணைந்த நிகழ்வு. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்குமுள்ள வேறுபாட்டை நிறுவ அவர் இதனைப் பயன்படுத்தினார். ‘கரியர்’ தொடரில் அதிகம் பேசப்பட்ட காட்சி, கொந்தளிக்கும் கடலில் ஏறி இறங்கும் தளத்தில் இரவிலே விமானங்கள் வந்திறங்கும் காட்சியாகும். விமானியின் அச்சமும், முயன்று தவறி மீண்டும் வானில் எழுதலும், கம்பியிற் கொளுவி நிற்கும் கணமும் பார்ப்பவரை மூச்சடக்கச் செய்கின்றன. சோலாவின் பந்தயத்தைப் போன்று இது வெறும் காட்சியன்று. ஒரு மனிதனின் உயிர் அதிலே தங்கியுள்ளது. எனினும் தோல்ஸ்தோயின் எல்லையை அது எட்டவில்லை. அந்த விமானம் எதற்காக எழுந்தது, எவருடைய நிலத்தின் மேற் பறந்தது என்பன அக்கணத்தின் பதற்றத்துக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. மனிதன் கப்பலோடு பிணைக்கப்படுகிறான். கப்பல் உலகோடு பிணைக்கப்படவில்லை. பத்து மணி நேரத் தொடரிலே ஈராக்கியர் எவரும் முகமும் குரலுமுள்ள பாத்திரமாக வருவதில்லை.

இவ்விடுபடல் வரலாற்று நியதிக்குட்பட்டது என்பதை இதே பொருளிலமைந்த இரு முந்திய படங்களோடு ஒப்பிடுகையில் உணரலாம். எட்வேர்ட் ஸ்ரைக்கனின் பொறுப்பில் உருவாகி 1944 இல் நிறைவுற்ற ‘பைற்றிங் லேடி’, யோர்க்டவுன் என்ற கப்பலை, போர்க்கால இரகசியம் கருதிப் பெயர் கூறாது காட்டியது. விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. அதிலும் நோக்கம் விரிவாக ஆராயப்படவில்லை. ஆயின், பாசிசத்துக்கெதிரான உலகப்போரின் நடுவே அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர் அதற்கான விடையைத் தம்மோடு கொண்டு வந்திருந்தனர். 1976 இல் பீ.பீ.சி. ‘ஆர்க் றோயல்’ கப்பலைப் பற்றி ‘செய்லர்’ என்ற தொடரை ஒளிபரப்பியபோது நிலைமை வேறு. பேரரசை இழந்த பிரித்தானியா அவ்வாண்டிறுதியிலே சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டொலர் கடனுக்கு இரந்து நின்றது. கப்பலும் 1979 இல் சேவையிலிருந்து விலகவிருந்தது. பார்வையாளர் எதிர்வினையின் அழியாச் சான்று ஓர் இசைத்தட்டு விற்பனையாகும். முந்திய ஆண்டில் முதலிடம் பெற்றிருந்த றொட் ஸ்டுவர்ட்டின் ‘செய்லிங்’ என்னும் பாடல், தொடரின் முகப்பிசையானதும் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறி மூன்றாம் இடத்தை அடைந்தது. நோக்கம் இருந்த இடத்தை ஏக்கம் நிரப்பிற்று. 2008 இல் உடன்பாடான விடையும் இல்லை, ஏக்கத்துக்கும் இடமில்லை, போரோ நடந்துகொண்டிருந்தது. ஆதலின் தனிமனிதரே எஞ்சினர்.

படத்தில் வரும் கடற்படையினர் சிலர் ஈராக் போர் பற்றிய தம் ஐயங்களை ஒளிவின்றிக் கூறுகின்றனர் என்பது உண்மை. இதனைப் படத்தின் நேர்மைக்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக்காட்டினர். ஆனால் அவ்வையம் ஒருவனது சமயநம்பிக்கையைப் போலவும், மற்றொருவனது காதல் முறிவைப் போலவும் தனிமனித இயல்புகளுள் ஒன்றாகவே அடுக்கப்படுகிறது. வினாவாக எழுந்தது குணச்சித்திரமாக முடிகிறது. பார்வையாளரும் ‘எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறான்’ என்று வியந்து, அவன் கேட்டதை மறந்துவிடுகின்றனர். 1925 இல் வெளிவந்த ஐசன்ஸ்டீனின் ‘பொட்டெம்கின்’ படத்தை நினைவுகூர்வோர்க்கு வேறுபாடு விளங்கும். அங்கும் கப்பலின் அன்றாட வாழ்வே தொடக்கம். புழுத்த இறைச்சி பற்றிய முறையீடு கப்பலைக் கடந்து ஒடெசா நகர மக்களைச் சென்றடைந்தது. இங்கே முறையீடுகளுக்குக் குறைவில்லை; அவை கப்பலின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. பயணத்தின் இறுதிக் கட்டத்தில், பேர்ள் துறைமுகத்திலிருந்து சன் டியேகோ வரை, உறவினரைக் கப்பலில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைத் தொடர் காட்டுகிறது. பார்வையாளருக்கு அளிக்கப்பட்ட இடமும் அதுவே என்று கூறத் தோன்றுகிறது. அவர்கள் உறவினராக ஏற்றிக்கொள்ளப்படுகின்றனர். ஏறும்போது வளைகுடா பின்னால் தங்கிவிட்டது.

கரையில் நின்று இதே கப்பலை நோக்கியோரும் உளர். தொடர் ஒளிபரப்பாவதற்கு முந்திய ஆண்டு, 2007 ஜூலைத் தொடக்கத்தில், நிமிற்ஸ் சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டது. அணுவுலைகளால் விளையக்கூடிய ஆபத்தையும், இந்தியா அமெரிக்காவோடு கொண்ட இராணுவ நெருக்கத்தையும் சுட்டி இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கப்பலினர் சிலர் நகரிலே தொண்டுப் பணிகளில் ஈடுபட்டனர். தனிமனிதரின் நல்லியல்பும் கப்பலின் வரலாற்றுப் பாத்திரமும் அங்கே அருகருகே நின்றன. ஒன்று மற்றதை மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. கப்பல் ஏன் வந்தது என்பதே கரையிலிருந்தோரின் முதல் வினாவாயிருந்தது. வீட்டுக் கூடத்துப் பார்வையாளரிடம் எழாத வினா அது. அதேவேளை, சிவப்புச் சட்டை அணிந்த இளைஞன் எவ்வாறு அவ்வேலைக்கு வந்து சேர்ந்தான் என்பதைக் கரையில் நின்றோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதனை அறிந்தவர் தொடரின் பார்வையாளரே.

இவ்விரு அறிவையும் இணைப்பதே முற்போக்கு விமர்சனத்தின் பணி. உழைப்பில் தம்மைக் கண்ட பார்வையாளரை ‘ஏமாற்றப்பட்டோர்’ என்று விலக்குவதால் அது கைகூடாது. அவர்கள் சரியாகவே தொடங்கினர். பத்து மணி நேரம் ஒரு தொழிலாளியின் களைப்பைக் கண்டு இரங்கியோரிடம், அவனது உழைப்பின் விளைபொருள் யாதென வினவுதற்கு உரிமையும் உண்டு. அவர்கள் அதற்குச் செவிசாய்ப்பர் என்று நம்புதற்கு நியாயமும் உண்டு. அவ்வினாவைப் படம் எழுப்பவில்லை என்று குறைகூறுவதோடு அமைந்துவிடாது, அதனைப் பார்வையாளரிடம் கொண்டுசெல்ல இதுவரை நாம் என்ன செய்துள்ளோம் என்பதையும் எம்மை நாமே கேட்டுக்கொள்வது தகும்.