கொடுக்குக்கு வேறு வேலை

2020-இல் லூனி டூன்ஸ் எச்பிஓ மேக்ஸில் புதிய தொடராக வந்தபோது, எல்மர் ஃபட் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார்கள். 1940-இல் பக்ஸ் பன்னியைத் துரத்தத் தொடங்கிய காலத்துத் துப்பாக்கி அது. பதிலுக்கு என்ன வந்தது? 'டைனமைட் டான்ஸ்' குறும்படத்தில் எல்மர் ஆளுயர அரிவாளோடு ஓடிவருகிறார்; பக்ஸ் அவரை டைனமைட் வைத்து வெடிக்கவிட்டுக்கொண்டே இருக்கிறது. வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடுகிற வேலை.

நான் லூனி டூன்ஸுக்கு எதிரி கிடையாது. அந்த வெடிகளுக்கு இன்னைக்கும் சிரிப்பேன். என் புகார் வேறு. குழந்தைகள் கார்ட்டூனில் வன்முறை என்று பேச்சு வந்தாலே எதை நீக்கலாம் என்றுதான் பேசுகிறோம். ஆயுதமே நுழையாத ஒரு கதை எதை வைத்து நகர்கிறது என்று பார்ப்பதில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்டெனெக் மிலர் 1957-இல் எடுத்த முதல் 'குட்டி அகழெலி' படத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அந்தப் பிராணிக்குப் பாக்கெட் வைத்த ஒரு கால்சட்டை வேண்டும். கதை அவ்வளவுதான். ஆளிச்செடி எப்படி லினன் துணியாகிறது என்பதைத்தான் படம் காட்டிக்கொண்டு போகிறது. செங்கால் நாரை அலகால் தண்டுகளை நொறுக்குகிறது. அதிலிருந்து வரும் நார்களை முள்ளெலி தன் முட்களால் சீவுகிறது. சிலந்திகள் நூற்க, எறும்புகள் நெய்கின்றன. ஆற்றுச் சிங்கி இறால் தன் கொடுக்கால் துணியை வெட்டித் தருகிறது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். அலகு, முள், சிலந்தி நூல், கொடுக்கு. காட்டில் இவையெல்லாம் குத்தவும் கிழிக்கவும் இரையைப் பிடிக்கவும் இருப்பவை. மிலர் எதையும் மழுங்கடிக்கவில்லை. கூர்மை அப்படியே இருக்கிறது. அதற்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. நமக்கு இது சுலபமாகப் புரியணும். ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்கும் தறிக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைப்பவர்கள் நாம். அன்றைக்குக் கருவிக்கும் ஆயுதத்துக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்.

இப்படி ஒரு உலகத்தைக் காட்டுவது குழந்தைகளிடம் பொய் சொல்வது ஆகாதா? நானும் அப்படி யோசித்திருக்கிறேன். பதில் மிலரிடமே இருக்கிறது. 1982-இல் வந்த 'நகரத்தில் அகழெலி' படத்தில் காட்டை வெட்டி அங்கே நகரம் எழுப்புகிறார்கள். அகழெலியும் முள்ளெலியும் முயலும் வீடிழந்து நிற்கின்றன. யாரும் யாரையும் சுடுவதில்லை. மரம் வெட்டும் கருவிகள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன, அவ்வளவுதான். 25 வருடங்களுக்கு முன் ஒரு கால்சட்டைக்காகக் கூடிய அதே கூட்டு உழைப்பு, இப்போது காட்டைக் காலி செய்கிறது.

என் நாலு வயது மகளோடு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். மரங்கள் சாய்ந்தபோது, "இதுல யாருப்பா கெட்டவங்க?" என்றாள். லூனி டூன்ஸ் பார்க்கும்போது அவள் இதைக் கேட்டதே இல்லை. துப்பாக்கியோ அரிவாளோ யார் கையில் இருக்கிறதோ, அவரைக் கைகாட்டிவிடலாம். இங்கே கைகாட்ட ஆளில்லை.

"வீடு கட்டுறாங்கம்மா" என்றேன்.

"நம்ம வீடு மாதிரியா?"

ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.